கைராசிக்காரியின் கால் கிரீம்

சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய், வீரபாண்டித் திருவிழா தொடங்கிய அன்றுதான் ஜெபஷீலா காமயகவுண்டன்பட்டியை விட்டுக் கிளம்பினாள். டவுன் பஸ் முழுக்க மஞ்சள் சேலைகள். வேப்பிலையும் அக்கினிச்சட்டியுமாக நெருக்கியடித்த கூட்டத்துக்கு நடுவே, சக்கரம் வைத்த பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறிய ஒரே ஆள் அவள்தான்.

“கோயிலுக்குப் போக இம்புட்டுப் பெரிய பெட்டியா தாயி? அம்மனையே தூக்கிட்டு வந்துருவ போலிருக்கே” என்றார் கண்டக்டர்.

“நான் வேற சாமி கும்பிடுறவண்ணே. கம்பத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க.”

இந்தப் பேச்சு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சிரிப்பாகச் சுற்றிவிட்டது. அவளோடு கூட்டாகத் தொழில் நடத்திய சொர்ணலதா மட்டும் சிரிக்கவில்லை. ஜெபஷீலா ஏறிய பஸ் திரும்பும்போது அவள் ஷெட்டு வாசலில் நின்றாள். பஸ் மறைந்ததும் உள்ளே போனாள். உடனே வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்து மூடினாள். காயப்போட்டிருந்த இலையைப் புரட்டினாள். அது புரட்ட வேண்டிய நேரமே இல்லை.

பங்குத் தகராறு என்றார்கள் சிலர். ஜெபஷீலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. அவள் போனதற்குக் காரணம் ஒரு ஜோடி கையுறை.

சொர்ணலதா நாற்பதை நெருங்குகிறவள். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாத பிறவி. திராட்சை பேக்கிங்கில் இருந்தாள், நூல் மில்லுக்குப் போனாள், போடியில் ஜவுளிக்கடையில் நின்றாள், தையல் கற்றாள், இன்சூரன்ஸ் ஏஜெண்டாகச் சுற்றினாள், பியூட்டீசியன் கோர்ஸில் சேர்ந்து புருவம் திருத்தக் கற்றதோடு நின்றாள். எதிலும் அவளைத் துரத்தியவர்கள் யாருமில்லை. அவளாகவே ஒருநாள் எழுந்து போய்விடுவாள். கம்பத்தில் டயர் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் சண்முகராஜ், “எங்க வீட்டுக்காரிக்கு எந்த வேலையும் பஞ்சராகாது, காத்துதான் இறங்கிப் போயிரும்” என்பார்.

ஆனால் ஒன்று அவளை விட்டுப் போகவில்லை. கைராசி.

பள்ளிக்கூடம் போகிற வயதில், சுருளியாண்டி என்பவரின் தோட்டத்தில் திராட்சைப் பதியன் ஊன்ற வந்த பெண்கள் நல்ல நேரம் முடிகிறவரை வந்து சேராததால், வேடிக்கை பார்த்து நின்ற சொர்ணலதாவைக் கூப்பிட்டு முதல் குச்சியை ஊன்றச் சொன்னார்கள். அந்த வருஷம் சுற்றிலும் இருந்த பந்தல்களெல்லாம் சாம்பல் நோய் விழுந்து பாழாக, சுருளியாண்டி தோட்டம் மட்டும் காய்த்துத் தொங்கியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் பதியன் போட்டாலும் முதல் குச்சி அவள் கை. புதுக் கடை திறந்தால் முதல் போணி அவளிடம். கல்யாண வீட்டில் உலையில் முதல் பிடி அரிசி அவள் போட்டால்தான் சோறு குறைவுபடாது. எந்த வேலையிலிருந்து எழுந்து வந்தாலும் ஊருக்குள் நுழைகிறபோது ‘கைராசிக்காரி வந்துட்டாக’ என்று ஒரு குரலாவது வரும். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் அவள் அடுத்த வேலைக்குப் போனாள்.

ஜெபஷீலாவை அவள் பெரியகுளத்தில் பெண்களுக்கு நடந்த ஒரு தொழில் பயிற்சி முகாமில் பார்த்தாள். தேனி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், மைக்ரோபயாலஜி படித்தவள், புதுச்சேரிப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்துவிட்டு வந்தவள். மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தபோது சொர்ணலதா தன் தங்கை யுவராணியின் கால்களைப் பற்றிச் சொன்னாள். யுவராணி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். விடியும் முன்னே வேல்பாண்டி ஓட்டுகிற ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வழியாக மலையேறி, பொழுது சாயத் திரும்புவாள். மழைக்காலம் முழுக்க ஈரச் செருப்பு, ஈர மண். கால் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஜீப்பில் வரும் அத்தனை பெண்களுக்கும் அப்படித்தான். மருதாணி அரைத்து வைப்பார்கள். மறுநாள் மறுபடி ஈரம்.

“சீமையகத்தி இருக்கே” என்றாள் ஜெபஷீலா. “படைக்கு அரைச்சுப் போடுவாகல்ல, அந்த இலைதான். சும்மா சொல்லலக்கா. அதோட சாறு பூஞ்சையை நல்லாவே அடிக்கும். அதை ஒரு கிரீம்ல இறக்கிட்டா காலையில தடவிட்டுப் போயிரலாம்.”

முகாம் முடிவதற்குள் இருவரும் கூட்டு.

திராட்சை பேக்கிங் ஷெட்டு ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சுத்தம் செய்தார்கள். லைசென்ஸுக்கு அலைந்தார்கள். வாய்க்கால் ஓரமெல்லாம் சீமையகத்தி. இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, கிளிசரினில் ஊறப்போட்டு, சாறு வடித்தார்கள். கொஞ்சம் மஞ்சள், துளி கிராம்பெண்ணெய். தண்ணீரையும் எண்ணெயையும் தனித்தனியாகக் காய்ச்சி ஒன்றாக்கிக் கலக்கி, சூடு தணிந்து கைபொறுக்கிற பதத்துக்கு வந்ததும் செடிச் சாற்றை ஊற்றவேண்டும். முன்னாலேயே ஊற்றினால் சாறு சூட்டில் செத்துவிடும்.

சாறு ஊற்றுகிற அந்த நேரத்தில்தான் சொர்ணலதா வலது கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, சட்டிக்குள் விட்டு மூன்று சுற்றுச் சுற்றுவாள். அதற்குப் பிறகுதான் மிஷின் ஓடும்.

அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. செய்ய வேண்டாமென்றும் முதலில் யாரும் சொல்லவில்லை. ஷெட்டில் வேலை பார்த்த அக்கம்மாள் அந்த நேரத்தில் குலவையே போடுவாள்.

முதல் சட்டியை மதுரையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே கிரீமில் இருக்கும் கிருமியை எண்ணிப் பார்ப்பார்கள். அதில் தேறினால் வேண்டுமென்றே கிருமியைக் கலந்துவிட்டு, கிரீம் அதை அடக்குகிறதா என்றும் பார்ப்பார்கள். முதல் கட்டத்திலேயே தோற்றது. இரண்டாவது சட்டியும் தோற்றது. ஜெபஷீலா தண்ணீரைச் சோதித்தாள், டியூபைச் சோதித்தாள், சாற்றைச் சோதித்தாள். கடைசியில் சொன்னாள்.

“அக்கா, எழுபது டிகிரியில கையை விட்டா உங்க கை வெந்துரும். நாப்பதுல விட்டா கிருமி வேகாது. நீங்க நாப்பதுலதான் விடுறீக.”

“அப்ப என் கைதான் அழுக்குங்குற.”

“அழுக்குன்னு சொல்லல. எல்லார் கையிலயும் இருக்கிறதுதான். செடி காவல்காரன் மாதிரிக்கா. ராத்திரி ஒருத்தன் சுவரேறி வந்தா பிடிப்பான். நாமளே கூட்டத்தைக் கூட்டிட்டு வந்து கதவைத் திறந்துவிட்டா அவன் என்ன செய்வான்? கிளவுஸ் போட்டுக்கிட்டுக் கலக்குங்க.”

“கிளவுஸுக்குள்ள இருந்து ராசி எப்படிடி வெளிய வரும்?”

ஜெபஷீலா அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவளும் பொறுமையில் பெரிய ஆளில்லை. ஒரு சனிக்கிழமை, கிருமி வளர்க்கிற அகலமான தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, “கையை இதுல ஒரு அமுக்கு அமுக்குங்க” என்றாள். “எதுக்குடி, ஆதாருக்கா?” என்று சிரித்துக்கொண்டே சொர்ணலதா உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போது ஜெபஷீலா தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே, வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாக முளைத்து, புள்ளி வைத்த கோலம் போலத் தெளிவாக இருந்தது.

“ஆத்தாடி, கை அச்சு மாதிரி முளைச்சுக் கிடக்கே!” என்று அக்கம்மாள் வாயில் கை வைத்தாள்.

“இதாங்க்கா உங்க கைராசி” என்றாள் ஜெபஷீலா.

சொன்னவுடன் அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். சொர்ணலதா அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய் எருக்குழியில் வீசிவிட்டு வந்தாள்.

“கிளவுஸ் இல்லாம இனி ஒரு சட்டி அடுப்புல இருந்து இறங்காதுக்கா. சொல்லிட்டேன்.”

“அப்ப நீ இறங்கிக்க.”

மறுநாள் அவள் இறங்கிப் போனாள். டவுன் பஸ்ஸில், அம்மன் கூட்டத்தோடு.

ஊரில் ஒரு செய்தி நடந்து போகாது. புதன்கிழமை டீக்கடைக்குப் பக்கத்தில் சொர்ணலதா கடந்து போகையில், “கைராசிங்குறாக, கிருமிராசியாமுல்ல” என்றது ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் டீயை ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் கடை திறந்த ஒருவர் போணிக்கு அவளைக் கூப்பிடவில்லை. மறந்திருக்கலாம். மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு இரண்டு காரியம் ஆகவேண்டியிருந்தது. மழைக்கு முன்னால் கிரீம் தேறவேண்டும். தன் கை பட்டுத் தேறவேண்டும். முதலாவது மட்டும் போதும் என்று ஒரு பொழுதும் தோன்றவில்லை. மேற்கே மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் அவள் பார்த்தது அதைத்தான்.

இருப்புக் கொள்ளாமல் அலைந்தாள். போடிக்குப் போய் ஏலக்காய் எண்ணெய் விசாரித்தாள். கடமலைக்குண்டுச் சந்தையில் ஒருவர் சொன்னாரென்று பூவரசம்பட்டை வாங்கி வந்தாள். குமுளிக்குப் போய் நல்ல கிராம்பெண்ணெய் வாங்கினாள். சாற்றைக் கூட்டினால் கிரீம் பாசி நிறமாகி நாறியது. கிராம்பெண்ணெயைக் கூட்டினால் தோல் எரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் வலது கை மடியில் சும்மா இருக்கவில்லை. விரலால் விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

உத்தமபாளையம் தாண்டி வருகையில் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கிருமியைக் கொல்வது செடி. கிருமி இருப்பது கையில். அப்படியென்றால் கையையே செடியில் ஊறவைத்தால் என்ன?

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வந்தாள். சீமையகத்திச் சாறு, மஞ்சள், கிராம்பெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாளும் செய்தாள். அதற்கு மறுநாளும். வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி ஊறவைத்தாள்.

“என்ன லதா, கையை ஊறுகாய் போடுறியா?” என்றாள் அக்கம்மாள்.

“பேசாம வேலையைப் பாருங்க சித்தி.”

“நான் பாக்குறேன். நீதான் ஒக்கார மாட்டேங்குற, நிக்க மாட்டேங்குற. அந்தப் புள்ளைக்கு ஒரு போனு போடு.”

“போட்டேன். எடுக்கல.”

அது பொய். போடவில்லை. பெயரை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு அணைத்திருந்தாள்.

ஒரு வாரத்தில் கை மஞ்சளேறித் தடித்து, விரல் கணுக்களில் வெடித்துவிட்டது. சோறு பிசைந்தால் எரிந்தது. அந்தக் கையோடுதான் மூன்றாவது சட்டியில் மூன்று சுற்றுச் சுற்றினாள். அன்று அக்கம்மாள் குலவை போடவில்லை. சொர்ணலதா அதைக் கவனித்தாள், கேட்கவில்லை.

லேபிலிருந்து தமிழ்மாறன் கூப்பிட்டார். அவர் நிதானமாகப் பேசுகிறவர். அந்த நிதானத்தையே சொர்ணலதாவால் தாங்க முடியாது.

“மேடம், உங்க செடி பூஞ்சையை அருமையா அடிக்குது. அதுல சந்தேகமே இல்லை. ஆனா பாக்டீரியா கணக்கு...”

“தேறுச்சா தேறலையா சார்?”

“முன்னைவிட ரொம்ப அதிகம், மேடம். இது மனுஷத் தோல்ல இருக்கிற வகை. அங்க கலக்குற யாருக்காவது கையில புண்ணு, வெடிப்பு இருக்கா? முழுத் தோலைவிட வெடிச்ச தோல்லதான் இது குடித்தனம் பண்ணும்.”

சொர்ணலதா போனைக் காதில் வைத்தபடியே தன் கையைப் பார்த்தாள்.

“இல்ல சார். யாருக்கும் இல்ல” என்றாள்.

மூன்று சட்டியிலும் நிரப்பிய டியூபுகள் ஷெட்டின் மூலையில் ஒரு கிரேட்டில் கிடந்தன. கொட்டிவிட வேண்டியதுதான். ஜெபஷீலா இருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பாள். சொர்ணலதாவுக்கு மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள்.

மழை அந்த வருஷம் முந்திக்கொண்டது. வைகாசி முடியவில்லை, மலையில் சாரல் பிடித்துவிட்டது. ஜீப்புகள் தார்ப்பாய் கட்டிக்கொண்டு மேலே போயின. ஒரு மாலை சண்முகராஜ் கடையிலிருந்து போன் செய்தார்.

“யுவராணிய ஆஸ்பத்திரியில சேத்திருக்காக. கால் வீங்கிக் காய்ச்சல். பதறாம வா.”

பதறாமல் வர அவளுக்குத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் பாதித் தூரம் நடந்து, பின்னால் வந்த ஒரு வாழைத்தார் வண்டியில் ஏறிக் கம்பம் போய்ச் சேர்ந்தாள்.

யுவராணியின் வலது கால் கணுக்கால் வரை மினுமினுவென்று வீங்கியிருந்தது. விரல் இடுக்கில் சீழ். பக்கத்தில் டிரிப்ஸ் பாட்டில். இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் மேலே ஏறியிருக்கும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

“என்னத்தடி போட்ட இதுல?”

யுவராணி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். “உன் கிரீமைத்தான். ஷெட்டுல மூலையில கெடந்துச்சுல்ல, ரெண்டு டியூப்பு எடுத்துட்டுப் போனேன். உன்கிட்டக் கேட்டா குடுக்க மாட்ட.”

“அது தேறாததுடி! அது பெயிலானது! நான் சொல்லலையா ஒங்கிட்ட?”

“சொன்ன. மதுரைக்காரன் ஆயிரம் சொல்வான். நீ கைவிட்டுக் கலக்குனதுதானக்கா? எனக்குக் கேக்காமப் போகுமான்னு போட்டேன். விரல் இடுக்கெல்லாம் அப்பி அப்பிப் போட்டேன்.”

சொர்ணலதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அன்று அவள் எழுந்திருக்கவே இல்லை. காபி வாங்கப் போகவில்லை, வராந்தாவில் நடக்கவில்லை. சண்முகராஜ் வந்து பார்த்துவிட்டு, இவளுக்குத்தான் காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

தங்கை காலில் பூஞ்சை வைத்த புண்ணுக்குள், தன் கையிலிருந்த கிருமியைத் தானே அப்பிவிட்டிருக்கிறாள். ஊர் சொன்னதை அவள் நம்பவில்லை, லேபு சொன்னதை நம்பவில்லை, ஜெபஷீலா கண்முன்னால் காட்டியதையும் நம்பவில்லை. யுவராணியோ அவளை நம்பினாள். அந்த நம்பிக்கை இதோ வீங்கிப்போய்க் கட்டிலில் கிடக்கிறது.

மறுநாள் ஷெட்டுக்கு வந்து கிரேட்டைத் தூக்கினாள். ஒவ்வொரு டியூபாகப் பிதுக்கிக் குழியில் கொட்டி மூடினாள். பிறகு தமிழ்மாறனைக் கூப்பிட்டாள்.

“சார், அன்னைக்குக் கேட்டீகள்ல, கையில வெடிப்புன்னு. எனக்குத்தான் இருக்கு. இனி என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

அவர் சொன்னார். கை படக்கூடாது. கையில் புண் இருக்கிறவர்கள் அறைக்குள்ளேயே வரக்கூடாது. பாத்திரம், மிஷின், டியூப் நிரப்புகிற குழாய் எல்லாம் கொதிநீரில் போகவேண்டும். அப்புறம் ஒன்று தயங்கிச் சொன்னார். செடி மட்டும் எல்லாக் கிருமிக்கும் பதில் சொல்லாது, பூஞ்சைக்கு அது ராஜா, தண்ணீரில் வளர்கிற சிலதுக்கு அதன் பேச்சு எடுபடாது. கெடாமல் வைக்கிற மருந்து கொஞ்சம், அனுமதித்த அளவுக்குள் சேர்த்தால் நல்லது.

“ஜெபஷீலாவும் இதைத்தான் சொன்னா” என்றாள் சொர்ணலதா.

“அப்ப டியூப்ல ‘ரசாயனம் இல்லாதது’ன்னு போட்டிருக்கீங்களே, அதை எடுத்துரணும் மேடம்.”

“எடுத்துர்றேன்.”

நாலாவது சட்டிக்கு அக்கம்மாளைக் கையுறை போடச் சொன்னாள். அக்கம்மாள் பத்து விரலையும் விரித்துப் பார்த்தாள்.

“மாட்டு டாக்டர் மாதிரியில்ல இருக்கு! ஏ லதா, மொதக் கை யாருது?”

“யாருதும் இல்ல.”

“யாரும் மொதக் கை வைக்காம எப்படிடி? பேர் வைக்காத புள்ளை மாதிரியில்ல இருக்கும்.”

“மிஷின் வைக்கட்டும் சித்தி. சாறை ஊத்திட்டு சுச்சைப் போடுங்க.”

கை ஆறும்வரை அறைக்குள் அவளே வரக்கூடாது. வெளியே நின்றாள். நிற்க முடியவில்லை. ஷெட்டைச் சுற்றி நடந்தாள். ஜன்னல் வந்தபோதெல்லாம் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாய்ச் சுழன்றுகொண்டிருந்தது கிரீம். அவள் வலது கை அவளையறியாமல் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, பாதியில் நின்றது. மிஷின் சத்தம் ஓய்கிறவரை நடந்துகொண்டே இருந்தாள்.

கிருமிக் கணக்கில் தேறியது. கிருமியைக் கலந்து பார்த்ததிலும் தேறியது. தமிழ்மாறன் நிதானமாகச் சொல்லி முடிக்கிறவரை அவள் குறுக்கிடவில்லை.

மழை வலுத்திருந்த ஒரு விடியலில், முதல் கிரேட்டை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனாள். சோற்றுத் தூக்கும், மழைக்குத் தலையில் கவிழ்த்த பிளாஸ்டிக் கொங்காணியுமாகப் பெண்கள் நின்றார்கள். யுவராணியும் இருந்தாள். கால் தேறி அன்றுதான் மறுபடி வேலைக்குக் கிளம்புகிறாள். வேல்பாண்டி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வந்துருச்சா கிரீமு! மொத டியூப்ப நீங்களே எடுத்துக் குடுங்கக்கா” என்றாள் ஒருத்தி. “இதுவும் உங்க கை வச்சதுதான?”

அந்தக் கேள்வி வருமென்று அவளுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அதற்குப் பதில் தேடியிருந்தாள். ஆமாம் என்று சொன்னால் கிரேட்டு அங்கேயே காலியாகிவிடும். டீக்கடைக் குரலுக்கும் பதில் சொன்ன மாதிரி இருக்கும். ஆமாம் என்பதால் இந்த டியூபில் இருக்கிற கிரீமுக்கு ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. கெடுதல் அடுத்த தடவை, இன்னொரு மூலையில் கிடக்கிற இன்னொரு டியூபில் வரும். யுவராணி செருப்பு வாரை மாட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தாள்.

“இல்லத்தா” என்றாள் சொர்ணலதா. “இதுல என் கை படல. யாரு கையும் படல. என் கை பட்டதைப் போட்டுத்தான் இவ ஆஸ்பத்திரியில கெடந்தா. இது நல்லாயிருக்குன்னு மதுரையில பாத்துச் சொல்லியிருக்காக. அதுக்காக வாங்குறதுன்னா வாங்குங்க.”

மழை தார்ப்பாயில் அடித்தது. கையில் எடுத்த டியூபை ஒருத்தி மெல்லக் கிரேட்டில் திரும்ப வைத்தாள். “அப்பறமா வாங்கிக்கிறேங்க்கா” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

“ஏலே வேல்பாண்டி, நேரமாகலையா?” என்று பின்னாலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டாள்.

“ஆச்சு ஆச்சு, ஏறுங்க” என்றான் வேல்பாண்டி. கிரேட்டைத் தூக்கி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். “அக்கா, இது இங்கன கெடக்கட்டும். மழையில ஏன் நிக்கிறீக? மேல போயி ஈரத்துல நின்னா தன்னால கேப்பாளுக. நான் எடுத்துக் குடுத்துக்கிறேன்.”

ஜீப் போய்விட்டது. யுவராணி மட்டும் பின்னாலிருந்து கையை ஆட்டினாள்.

அந்த வருஷம் சுருளியாண்டி புதிதாகப் பந்தல் போட்டார். முதல் குச்சியை அவர் மருமகள் ஊன்றினாள். சொர்ணலதா அதை டவுன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தாள். பஸ் நின்று ஆளேற்றிக் கிளம்புகிறவரை பார்த்தாள். பிறகு மடியிலிருந்த லேபு ரிப்போர்ட்டை எடுத்து, தெரிந்த எண்களையே மறுபடி படித்தாள்.

கிரீம் மெதுவாகப் போயிற்று. பிறகு கொஞ்சம் வேகமாக. கட்டப்பனை, வண்டன்மேடு என்று மேலே கடைகள் கேட்கத் தொடங்கின. வேல்பாண்டி வாரத்துக்கு ஒருநாள் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு போனான். சொர்ணலதாவின் கை ஆறிவிட்டது. இப்போது அறைக்குள் போகிறாள், கையுறை போட்டுக்கொண்டு. மிஷின் ஓடுகிற நேரத்தில் அவளால் இன்னும் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை. ஆனால் இந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து போகவில்லை. ஏனென்று சண்முகராஜ் கேட்டதற்கு, “தெரியல, போகத் தோணல” என்றாள். எத்தனையோ தடவை ஜெபஷீலாவின் எண்ணை அழுத்தினாள், இப்போது நிஜமாகவே. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது போன்.

இன்னொரு மழைக்காலமும் வந்து போய், பனி இறங்கிய ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

“அக்கா, ஜெபா பேசுறேன். நம்பர் மாத்திட்டேன். பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டப்பனை வந்தேன். பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்ல மருந்துக்கடையில நம்ம டியூப் இருக்கு. பின்னாடி எழுதியிருக்கிறதெல்லாம் படிச்சுப் பாத்தேன், சரியா இருக்கு. ஒண்ணு குடுங்கன்னா கடைக்காரர் குடுக்க மாட்டேங்குறாரு. ‘இது நான் வேற ஆளை விட்டு இறக்குனது சேச்சி, ரெண்டு நாள் பொறு, வேல்பாண்டி வரட்டும், அவன் கையால இறக்குனாத்தான் கால்ல கேக்கும்’ங்குறாரு. அந்த வேல்பாண்டிக்குத்தான் கைராசியாம், மலை முழுக்கப் பேசிக்கிறாக. அவரைக் கிளவுஸ் போடச் சொல்லிச் சண்டை கிண்டை போட்டுறாதீக. மூடி நல்லா இறுக்கமாத்தான் இருக்கு. நான் திருகிப் பாத்துட்டேன்.”